அறுவைக்குப் பின் மறதி

டெங்கில் வட்டாரத் தோட்டங்களில் உழைத்த நம்மவர் பலர், 1990களில் புத்ராஜெயா எழுந்தபோது, டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அன்று நடுவயதினராயிருந்தோர் இன்று முதியோர். இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை பெற்ற தாய், விழித்ததும் மகனையே அறியாது தடுமாறினால், 'மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது' என்று சுற்றம் கலங்கும். அக்கலக்கம் புதிதன்று, மருத்துவ உலகிலும் அதற்கு நெடிய வரலாறு உண்டு.

1955இல் இங்கிலாந்து மருத்துவர் பெட்ஃபோர்டு, பொது மயக்கத்தில் அறுவை பெற்ற வயதானோர் 1,193 பேரின் நிலையை ஆராய்ந்தார். சிலர் பழைய அறிவுத் தெளிவை மீண்டும் பெறவேயில்லை என எழுதினார். 1998இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு, 60 வயது நிறைந்த 1,218 பேரைச் சோதித்தது. ஒரு வாரத்திற்குப்பின் நூற்றுக்கு 26 பேரிடம் காணப்பட்ட தளர்ச்சி, மூன்று மாதத்தில் 10 பேராகக் குறைந்தது.

குற்றவாளி மயக்க மருந்து மட்டும்தானா? உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்தவர்களிடமும், மூன்று மாதத்திற்குப்பின், ஏறத்தாழ அதே அளவு தளர்ச்சி இருந்ததை 2003ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. முதுமை, முன்பே தொடங்கிய மறதி, அறுவையால் உடலில் எழும் அழற்சி ஆகியனவும் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஆகவே, அச்சத்தால் தேவையான சிகிச்சையை மறுப்பது அறிவுடைமையன்று. முன்னரே உள்ள மறதியை மருத்துவரிடம் கூறுக. கண் விழித்ததும் மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் கொடுக்க. இரவில் நல்லுறக்கம் காக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிந்த முகமொன்று அருகிருந்து, அவர் அறிந்த தமிழில் பேசுக.