எழுத்துருவும் உடைமையும்: கற்பிட்டியிலிருந்து ஒரு நோக்கு

கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்திலே தொகுத்த ‘தமிழ் புளூட்டாக்’ 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. ஈய எழுத்து எவர் உடைமையோ அவரே நூலின் எழுத்து வடிவையும் தீர்மானித்த காலம் அது.

கணினி இவ்வுறவை உடனடியாக மாற்றிவிடவில்லை. இலங்கையிற் பரவலான பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களுக்குரிய குறியிடங்களில் தமிழை அமைத்தது; அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பனுவல் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகிவிடும். எனவே, விலையின்றிக் கிடைப்பதனையெல்லாம் சுதந்திரமானதெனக் கொள்ளுதல் தவறு என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

ஒருங்குகுறியில் அமைந்த நோட்டோ எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வருவன. நூலிலும் வணிக விளம்பரத்திலும் அவற்றைப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்றலாகாது. வடிவமைப்பாளர் முதலில் உரிமத்தை வாசித்து, அழகைப் பின்னரே நோக்குதல் தகும் என்போம். (அழகு வர்க்கச் சார்பற்றது என்போர் இதனை ஏற்கார்.) தமிழும் சிங்களமும் ஒரே சுவரொட்டியில் வேண்டப்படும் புத்தளக் கரையோரத்துக்கு, அவ்விரு மொழி எழுத்துக்களும் நோட்டோ குடும்பத்தில் உள.