செவித்திறன் குறைபாட்டுக்கான சிகிச்சையும் வாழ்க்கைத் தரமும்

செவித்திறன் குறைபாடு பெரும்பாலும் வலியின்றி, மெல்ல மெல்ல ஏற்படுகிறது. இதனால் பாதிக்கப்பட்டவரே அதனை நெடுநாள் உணராமல் இருக்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்களாக வாழ்கின்றனர். அவர்களுள் சுமார் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வுச் சிகிச்சை தேவைப்படுகிறது. உரிய காலத்தில் சிகிச்சை பெற்றால் இவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் பிறருடன் இயல்பாக உரையாட இயலும்.

அறிகுறிகள்

முதுமையில் மெல்லொலிகளும் உயர்சுருதி ஒலிகளும் முதலில் மங்குகின்றன. உயிரொலிகள் கேட்கும், மெய்யொலிகள் தெளிவாகக் கேட்பதில்லை. ‘கடை’, ‘தடை’, ‘படை’, ‘சடை’ ஆகிய சொற்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும். “சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை” என்று முதியோர் கூறுவதன் காரணம் இதுவே. பின்வருவனவற்றுள் ஒன்று இருப்பினும் பரிசோதனை செய்துகொள்ளுதல் நலம்.

• சொன்னதைத் திரும்பச் சொல்லுமாறு அடிக்கடி கேட்டல்
• தொலைக்காட்சியின் ஒலியை மிகுதியாக வைத்தல்
• கைப்பேசி உரையாடலைத் தவிர்த்தல்
• பேருந்து நிலையம், சந்தை, திருமண மண்டபம் போன்ற இரைச்சலான இடங்களில் பேச்சைப் பின்தொடர இயலாமை
• காதில் தொடர்ந்து இரைச்சல் கேட்டல்

சிகிச்சை பெறாவிடில் நேர்வன

செவித்திறன் குறைந்தவர், தவறாக விடையளித்துவிடுவோமோ என்ற கூச்சத்தால் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். திண்ணைப் பேச்சு, ஊர்க்கூட்டம், உறவினர் இல்ல விழா ஆகியவற்றிலிருந்து சிறிது சிறிதாக விலகுகிறார். குடும்பத்தினர் இதனைப் பிடிவாதம் என்றோ, வயதின் மறதி என்றோ கருதிவிடுகின்றனர். தனிமையும் மனச்சோர்வும் இவ்வாறு தொடங்குகின்றன. மருத்துவர் கூறும் மருந்தின் அளவைத் தவறாகக் கேட்பதும், பின்னால் வரும் வாகனத்தின் ஒலியை உணராதிருப்பதும் ஆபத்தை விளைவிக்கும்.

காரணத்திற்கேற்ற சிகிச்சை

எல்லாச் செவித்திறன் குறைபாடும் ஒரே வகையன்று. காதில் அடைத்திருக்கும் அழுக்கை மருத்துவர் அகற்றியவுடனே சிலருக்குச் செவி தெளிகிறது. நாட்பட்ட சீழ் வடிதலையும் செவிப்பறைத் துளையையும் மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரிசெய்யலாம். முதுமை, பேரிரைச்சல், சிலவகை மருந்துகள் ஆகியவற்றால் உட்செவியின் நுண்ணுணர்வு செல்கள் அழிந்திருப்பின் அவை மீண்டும் வளர்வதில்லை; அந்நிலையில் காதொலிக் கருவி உதவும். அக்கருவியாலும் போதிய பயன் பெறாதவர்களுக்குக் காக்ளியர் உள்வைப்புக் கருவி பரிந்துரைக்கப்படலாம். எனவே, செவித்திறன் பரிசோதனை செய்யாமல் கடையில் கருவி வாங்கி அணிதல் கூடாது.

சிகிச்சையால் விளையும் நன்மைகள்

உரையாடலைப் பின்தொடர்வதற்கான முயற்சி குறைவதால் களைப்பு குறைகிறது. கடைவீதியிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் பிறர் துணையின்றிப் பேசும் தன்னம்பிக்கை மீள்கிறது. குடும்பத்தில் உரத்த குரலால் எழும் மனக்கசப்பு தணிகிறது.

நினைவாற்றல் குறித்த ஆய்வுகளும் கவனத்திற்குரியன. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. ஆய்வில் பங்கேற்ற அனைவரையும் சேர்த்து நோக்கியபோது, மூன்றாண்டுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனினும், அறிவுத்திறன் குறையும் அபாயம் மிகுந்திருந்த பிரிவினரிடையே, செவிச் சிகிச்சை பெற்றோருக்கு அக்குறைவின் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டது. காதொலிக் கருவி மறதி நோய்க்கு மருந்தன்று. ஆயினும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதிருக்க இதுவும் ஒரு காரணம்.

கருவிக்குப் பழகுதல்

பலர் முதல் வாரத்திலேயே கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். நெடுநாள் கேளாதிருந்த பாத்திர ஒலியும் மின்விசிறி ஒலியும் திடீரெனக் கேட்கும்போது எரிச்சல் தோன்றுவது இயல்பே. மூளை இவ்வொலிகளுக்குப் பழகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம்.

• முதலில் அமைதியான அறையில், ஒருவருடன் மட்டும் பேசிப் பழகவும். நாள்தோறும் அணியும் நேரத்தைக் கூட்டவும்.
• வலி, கீச்சொலி, மிகை ஒலி ஆகியவை இருப்பின் கருவியைக் கைவிடாமல், செவித்திறன் வல்லுநரிடம் காட்டி அளவைத் திருத்திக்கொள்ளவும்.
• குளிக்கும்போதும் உறங்கும்போதும் கழற்றி, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்.
• கருவியின் பொத்தான் மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைக்கவும். குழந்தை அதனை விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

குழந்தைகளுக்குக் காலமே முதன்மையானது

பிறந்த ஒரு மாதத்திற்குள் முதல்நிலைப் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் நோயறிதல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது பின்பற்றத்தக்க கால வரையறை. மொழி வேரூன்றும் தொடக்க ஆண்டுகள் கடந்தபின் பேச்சைக் கற்பித்தல் கடினமாகிறது. “சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும்” என்று காத்திருத்தல் கூடாது. கருவி பொருத்திய பின்னரும் செவிப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் தொடர்ந்து தேவை.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• முகம் தெரியும்படி எதிரில் அமர்ந்து, வெளிச்சத்தில் பேசவும்.
• கத்தாமல், சற்று நிதானமாகவும் தெளிவாகவும் பேசவும்.
• விளங்காவிடில் அதே சொல்லைத் திரும்பக் கூறாமல் வேறு சொற்களால் கூறவும்.
• “ஒன்றுமில்லை, விடுங்கள்” என்று உரையாடலை முடித்துவிடாதீர்கள்.
• “செவிடு” என்று கேலி செய்வதை அனுமதியாதீர்கள்.

எழுமலை வட்டாரத்தினர் உதவி பெறும் வழி

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். அங்கிருந்து உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கோ பரிந்துரை பெறலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களைச் சேர்ந்த ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. மாற்றுத்திறனாளி சான்று பெற்றோர், காதொலிக் கருவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 டெசிபெல் அளவுக்குச் செவித்திறன் இழந்தோர் செவித்திறன் குறைந்தோர் எனக் கொள்ளப்படுவர். இந்த அளவை எட்டாதவர்களுக்கும் கருவி தேவைப்படலாம். சான்று கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். வருமானம் குறைந்த மூத்த குடிமக்களுக்கு, 2017-இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்ட முகாம்களிலும் காதொலிக் கருவிகள் வழங்கப்படுகின்றன. மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

உடனடியாக மருத்துவரை அணுக வேண்டிய நிலைகள்

• ஒரு காதோ இரு காதுகளுமோ திடீரெனக் கேளாமற்போதல். இது அவசர நிலை. ஓரிரு நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் பயன் மிகுதி.
• காதில் சீழ் அல்லது இரத்தம் வடிதல்
• கேளாமையுடன் தலைசுற்றலோ முகம் கோணுதலோ தோன்றுதல்

காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றுதல், கோழி இறகு, ஊக்கு, குச்சி ஆகியவற்றால் குடைதல் போன்றவற்றை முற்றிலும் தவிர்க்கவும். செவிப்பறையில் துளை இருப்பின் எண்ணெயும் நீரும் நோயைப் பெருக்கும்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது அறிதலுக்காக மட்டுமே. உங்களுக்கு உரிய சிகிச்சையை மருத்துவரின் ஆலோசனைப்படியே மேற்கொள்ளவும்.