மலையில் அளந்த காலம்

தலைச்சோலையைத் தன்னகத்தே கொண்ட சேர்வராயன் மலையில், ஏற்காடு சேலத்தினும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்தது. அத்தொலைவைக் கடக்க ஒளிக்கு 4 மைக்ரோ வினாடி ஆகும். விண்கதிர்கள் காற்றில் மோதுவதால் தோன்றும் மியூவான் துகளின் சராசரி ஆயுளோ 2.2 மைக்ரோ வினாடியே. ஒளியை ஒத்த விரைவில் வந்தாலும், ஏற்காட்டு உயரத்தைக் கடக்கும் நூற்றில் ஏறக்குறைய பதினாறே சேலத்தை எட்டவேண்டும். ஆயினும் பெரும்பாலானவை எட்டுகின்றன. எங்ஙனம்?

இயங்கும் கடிகாரம் மெதுவாக நடக்கும் என 1905-இல் ஐன்ஸ்டைன் உரைத்தார். ஈராண்டுப் பயணம் முடித்துத் திரும்புபவன், புவியில் இருநூறு ஆண்டுகள் கழிந்திருக்கக் காண்பான் என 1911-இல் லான்ஜவன் விளக்கினார். ‘ஒருவருக்கு மற்றவர்தாமே ஓடுகிறார்; இளையவர் யார்?’ என்று கேட்பீர்கள். திசை மாற்றித் திரும்பியவன் ஒருவனே, அவனே இளையவன்.

இது வெறுங்கணக்கா? சிதையும் துகளே ஒரு கடிகாரம் என 1938-இல் நம் ஹோமி பாபா சுட்டினார். 1941-இல் ரோசியும் ஹாலும் கொலராடோ மலைமீதும் டென்வர் நகரிலும் துகள்களை எண்ணினர், ஆயுள் நீண்டிருந்தது. 1977-இல் ஜெனீவா ஆய்வகத்தில் வட்டப்பாதையில் சுழன்று மீண்ட மியூவான்களும் 29 மடங்கு வாழ்ந்தன.

கணக்கை மதியுங்கள், எண்ணிப் பார்க்கும்வரை ஓயாதீர்கள்.