நடையும் மண்வெட்டியும்

சுபஹ் முடிந்ததும் வாவிக்கரையில் கூட்டமாக நடக்கிறோம். காலடியில் பிளாஸ்டிக் போத்தல்கள் கிடக்கின்றன, குனிவதில்லை.

1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன, சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனதொலுவ கிராமத்துக்கு மாணவர்களைக் கூட்டிப்போனார். பிள்ளைகளோடு ஆசிரியர்களும் ஊராரோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தார்கள். சர்வோதயம் அங்கிருந்துதான் முளைத்தது. நமது பாடசாலைச் சிரமதானத்திலோ பிள்ளைகள் கூட்டுவார்கள், ஆசிரியர்கள் நாங்கள் நிழலில் நிற்போம். (உண்மைதானே?)

இங்கிலாந்தில் வில்லியம் பேர்ட் என்ற டொக்டர் 1990களின் கடைசியில் 'கிரீன் ஜிம்' தொடங்கினார். முதலில் கைகால் உதறும் பயிற்சி, பிறகு குழுவாக மரம் நடுவது, புதர் வெட்டுவது. வியர்வை ஒன்றுதான், பலன் இரண்டு.

ஞாயிறு காலை நடக்க வருபவர்கள் ஆளுக்கொரு உரப்பை கொண்டு வாங்க. கண்டல் கன்றுகளை மட்டும் மிதித்துவிடாதீங்க. ஆசிரியர்கள் நாங்கள் முன்னால் நிற்கிறோம்.