நேர்வாளத்தின் நெடும்பயணம்

நேர்வாளம் என்றதும் நமக்கு நினைவு வருவது பேதி. தோலையும் நடுமுளையையும் நீக்கிச் சுத்தி செய்யாமல் எந்தப் பரியாரியாரும் அதைக் கையாளமாட்டார். அகத்தியர் குழம்பு என்ற சித்த மருந்தில் சேர்வதும் சுத்தி செய்த பருப்புத்தான். அந்தப் பருப்பின் எண்ணெயில் உள்ள ஒரு பொருளைக் கொண்டு உலகெங்கும் ஆய்வுகூடங்கள் நோயெதிர்ப்பு அணுக்களைத் தட்டியெழுப்புகின்றன.

கொச்சியில் பணியாற்றிய போர்த்துக்கேய மருத்துவர் கிறிஸ்தோவாவ் ட கோஸ்தா 1578இல் நேர்வாளத்தைப் பற்றி எழுதிவைத்தார். பின்னர் ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்தனர். அங்கே ஆளுநராயிருந்த வான் ரீட் 1679இல் தம் மலபார்த் தாவர நூலில் இதைக் 'கடலாவணக்கு' என்று படத்தோடு பதித்தார். ஐரோப்பிய மருந்துக்கடைகள் விதையை வாங்கி விற்றன. பேதியின் வேகத்துக்கு அஞ்சிக் கைவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்த ஆங்கில மருத்துவர்கள் எண்ணெயை மறுபடி பரப்பினார்கள். குடிக்க ஒரு துளி. வலிக்கும் இடத்தில் தேய்த்தால் கொப்புளம்.

எதிர்த்திசையிலும் ஓர் உறவினர் பயணம் செய்தார். இலங்கையின் கரடியனாறு போன்ற உலர் வலய ஊர்களில் வேலியாக நிற்கும் காட்டாமணக்கு, அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் விதையிலும் நேர்வாள எண்ணெயில் உள்ள அதே இனத்து நஞ்சு உண்டு.

கொப்புளம் போடும் குணந்தான் எண்ணெயைப் புற்றுநோய் ஆய்வுக்குள் கொண்டுபோனது. 1941இல் ஒக்ஸ்போர்டில் ஐசக் பெரன்பிளம், புற்றுநோய் உண்டாக்கும் பொருளோடு சேர்த்து இதை எலித்தோலில் தடவினார். கட்டிகள் பெருகின. எண்ணெய் தனியாக அப்படிச் செய்யவில்லை. ஏற்கெனவே கெட்டுப்போன அணுவை அது வளர்த்துவிட்டது. 1960களில் ஹைடல்பேர்க்கில் எரிக் ஹெக்கர் குற்றவாளியைப் பிரித்தெடுத்தார்: போர்போல் எஸ்டர். புற்றுநோய் ஆய்வாளர் அதை டிபிஏ என்பர், நோயெதிர்ப்பு ஆய்வாளர் பிஎம்ஏ என்பர்.

அது எப்படி வேலை செய்கிறது? விடை ஜப்பானின் கோபேயில் கிடைத்தது. 1977இல் யசுதோமி நிஷிசுகா புரதக் கைனேஸ் சி என்ற நொதியைக் கண்டார். 1982இல் போர்போல் எஸ்டர் அதை நேரடியாக இயக்குவதை அவர் குழு காட்டியது. கிருமியை இனங்கண்ட டி அணு என்ற நோயெதிர்ப்பு அணுவுக்குள் டயசைல்கிளிசரால் என்ற கொழுப்பு நொடிப்பொழுது தோன்றி, நொதியை இயக்கிவிட்டு மறையும். போர்போல் எஸ்டர் அதைப் போலவே போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எளிதில் சிதையாது. அழுத்திய அழைப்புமணியிலிருந்து விரலை எடுக்காததுபோல் சமிக்ஞை தொடரும். கல்சியத்தை உள்ளே விடும் அயனோமைசினும் சேர்ந்தால், கிருமியே இல்லாமல் டி அணு இன்டர்லூக்கின்-2 சுரந்து பெருகும். நேரம் நீண்டால் நிலை தலைகீழ்: அணு தன் நொதியையே அழித்து, அழைப்புக்குச் செவிகொடாது.

போர்போல் எஸ்டர் குடும்பத்தை மருந்தாக்கும் முயற்சியும் பலித்திருக்கிறது. அவுஸ்திரேலிய மழைக்காட்டு மரமொன்றின் விதையிலிருந்து எடுத்த உறவுப்பொருளான டிகிலனால் டிக்லேட்டை, நாய்களின் மாஸ்ட் அணுக் கட்டிக்குள் ஊசியாகச் செலுத்த 2020இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதித்தன. கட்டிக்குள் அழற்சி மூண்டு, அதன் இரத்தக்குழாய்கள் சிதைந்து, கட்டி அழுகி விழுகிறது. எலித்தோலில் வாரக்கணக்கில் தடவியபோது கட்டியை வளர்த்த குடும்பம், ஒரே ஊசியில் பெரும்பாலும் கட்டியை அழிக்கிறது. எந்த மூலக்கூறு, எவ்வளவு, எத்தனை நேரம் என்பதே நஞ்சையும் மருந்தையும் பிரிக்கிறது. சுத்தி செய்யாத பருப்பை வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.