காத்திருப்பதா, இறங்குவதா? விண்கலத் தாமதங்களின் வரலாறு

1988 செப்டம்பர் 6ஆம் தேதி மிர் விண்வெளி நிலையத்தை விட்டுக் கிளம்பிய சோயுஸ் டிஎம்-5 கலம், அன்றே கஜகஸ்தானின் புல்வெளியில் இறங்கியிருக்க வேண்டும். உள்ளே இருவர்: சோவியத் தளபதி விளாதிமிர் லியாகோவ், ஆப்கானிஸ்தானின் முதல் விண்வெளி வீரர் அப்துல் அகத் மொமந்த். வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் எரிய வேண்டிய நொடி வந்தது, எரியவில்லை. கலம் எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்று சொல்லும் உணரிகள், பகலும் இரவும் சந்திக்கும் எல்லையின் வெளிச்சத்தில் குழம்பிவிட்டன. சந்தேகம் வந்ததும் கணினி எஞ்சினை எரிய விடவில்லை. ஏழு நிமிடம் கழித்து உணரிகள் தெளிந்தன. கணினியும் ஒன்றுமே நடவாததுபோல எஞ்சினைப் பற்றவைத்தது. அந்த ஏழு நிமிடத்தில் கலம் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போயிருந்தது. லியாகோவ் சட்டென்று எஞ்சினை அணைத்தார்.

சில மணி நேரம் கழித்து இரண்டாம் முயற்சி. எஞ்சின் ஆறு நொடி எரிந்து நின்றது. கணினியில் ஓடிக்கொண்டிருந்தது, அதே ஆண்டு ஜூனில் பல்கேரிய வீரர் சென்ற பயணத்துக்காக எழுதப்பட்ட பழைய நிரல். லியாகோவ் கையால் மறுபடி இயக்கினார். ஒரு நிமிடம்போல எரிந்து மீண்டும் அணைந்தது. அதைவிட மோசமானது அடுத்து வந்தது. இறக்கம் முறைப்படி நடக்கிறது என்று நம்பிய தானியங்கி அமைப்பு, எஞ்சின் பகுதியைக் கழற்றிவிடும் கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றத் தொடங்கியிருந்தது. இருவரும் கவனித்து அதை நிறுத்தினார்கள். எஞ்சின் பகுதி போயிருந்தால் கலத்தின் வேகத்தைக் குறைக்க வேறு வழியே கிடையாது.

தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு கலம் நொடிக்கு 7.8 கி.மீ. அளவு வேகத்தில் ஓடுகிறது. கீழே வர அதில் குறைக்க வேண்டியது நொடிக்குச் சுமார் 120 மீட்டர்தான். மீதி வேலையைக் காற்றுமண்டலம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சிறு குறைப்பு சரியான இடத்தில், சரியான திசையில், முழுமையாக நடந்தாக வேண்டும். பாதி எரிந்து நிற்கும் எஞ்சின், எரியாத எஞ்சினைவிட ஆபத்தானது.

லியாகோவும் மொமந்தும் ஒரு முழுநாள் அந்த இறங்கு கலத்துக்குள் முடங்கிக் கிடந்தார்கள். எரிபொருளை மிச்சப்படுத்த, எஞ்சினை இயக்குவதற்கு முன்பே சோயுஸின் முன்பகுதியான சுற்றுப்பாதை அறையைக் கழற்றிவிடுவது அன்றைய வழக்கம். கழிவறை அந்த அறையில்தான் இருந்தது. மிர் நிலையத்துடன் இணைக்கும் முகப்பும் அதில்தான். எனவே வந்த வழியே திரும்பவும் முடியாது. மறுநாள், செப்டம்பர் 7 அன்று, எஞ்சின் ஒழுங்காக எரிந்து இருவரும் பத்திரமாகத் தரையிறங்கினார்கள். அதன்பிறகு சோயுஸ் கலங்கள் அந்த அறையை, எஞ்சின் எரிந்து முடிந்த பின்னரே கழற்றத் தொடங்கின.

திரும்பிவரத் தாமதமாகும் கதைகளைப் பொதுவாகத் துணிச்சலின் கதைகளாகவே எழுதுகிறோம். காலவரிசையில் வைத்துப் பார்த்தால் வேறொரு மாற்றம் தெரிகிறது. தொடக்கத்தில் காத்திருப்பதே ஆபத்து. எப்படியாவது இறங்கிவிட வேண்டும். பின்னால் இறங்குவது ஆபத்தாகி, காத்திருப்பது பாதுகாப்பாயிற்று. இந்த இடமாற்றத்துக்கு அறுபது ஆண்டு பிடித்தது. லியாகோவ் அதன் இரு முனைகளையும் தன் உடம்பாலேயே அறிந்தவர்.

முதல் முனைக்கு நல்ல சான்று 1965 மார்ச் மாதத்துச் சோவியத் கலமான வஸ்கோத்-2. அலெக்சேய் லியோனோவ் உலகின் முதல் விண்வெளி நடையை முடித்துக் கலத்துக்குள் வந்த மறுநாள், தானியங்கி இறக்க அமைப்பு வேலை செய்யவில்லை. தளபதி பாவெல் பெல்யாயெவ் கையால் கலத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. திசை பார்க்கும் கருவியோ பக்கவாட்டில் இருந்தது. இருக்கைகளின் குறுக்கே படுத்துத்தான் அதைப் பார்க்க முடியும். பார்த்துவிட்டு, கலத்தின் எடைச்சமநிலை கெடாமல் இருக்க இருவரும் இருக்கைக்குத் திரும்பிய பிறகே எஞ்சினை இயக்கலாம். இந்த இட நெருக்கடியில் நொடிகள் நழுவின. ஒரு சுற்றுத் தாமதம். குறித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 386 கி.மீ. தள்ளி, பெர்ம் பகுதியின் பனிக்காட்டில் இறங்கினார்கள். மீட்கப்படும்வரை இரண்டு இரவுகள் அங்கேயே. அந்தக் கலத்தில் இருந்த காற்றுக்கும் மின்சாரத்துக்கும் கணக்கு நாட்களில்தான். காத்திருக்க இடமே இல்லாத காலம் அது.

காத்திருக்க ஓர் இடம் கிடைத்ததும் கணக்கு மாறியது. 1973 ஜூலையில் ஆலன் பீன், ஓவன் கேரியட், ஜாக் லூஸ்மா மூவரும் அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்துக்குப் போனபோது, அவர்களது அப்பல்லோ கலத்தின் நான்கு உந்துகருவித் தொகுதிகளில் இரண்டு அடுத்தடுத்துக் கசிந்தன. நாசா பதறவில்லை. மூவரும் நிலையத்தில் இருக்கட்டும் என்று விட்டு, கீழே ஓர் அப்பல்லோ கலத்தை ஐந்து பேர் அமரும்படி மாற்றத் தொடங்கியது. மீட்கப் போக வேண்டியவர்கள் வான்ஸ் பிராண்டும் டான் லிண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிராண்ட் மாதிரிக் கலத்தில் உட்கார்ந்து, மீதியுள்ள இரண்டு தொகுதிகளைக் கொண்டே பத்திரமாக இறங்க முடியுமா என்று பயிற்சி பார்த்தார். முடியும் என்று தெரிந்தது. தங்கள் விண்வெளிப் பயணத்தைத் தாங்களே தேவையில்லாமல் ஆக்கிக்கொண்டார்கள் அவர்கள். 59 நாள் முடித்து, செப்டம்பரில் அதே பழுதான கலத்தில் மூவரும் திரும்பினார்கள்.

அமெரிக்கர்கள் திட்டமிட்டு விட்டுவிட்டதைச் செய்துகாட்டியது சோவியத் ஒன்றியம். காலவரிசையில் லியாகோவ் முதன்முறையாக வருவது இங்கேதான். 1979 பிப்ரவரியில் அவரும் வலேரி ரியூமினும் சோயுஸ்-32 கலத்தில் சல்யூட்-6 நிலையத்துக்குச் சென்றிருந்தார்கள். அன்றைய சோயுஸ், விண்வெளியில் சுமார் 90 நாள்வரை நம்பத்தக்கது. விருந்தினர்களாக வருபவர்கள் புதுக் கலத்தை விட்டுவிட்டுப் பழைய கலத்தை ஓட்டிக்கொண்டு போவது ஏற்பாடு. ஏப்ரலில் நிக்கோலாய் ருக்காவிஷ்னிக்கோவும் பல்கேரியாவின் கியோர்கி இவனோவும் அப்படித்தான் சோயுஸ்-33இல் வந்தார்கள். நிலையத்தை நெருங்கும்போது அவர்களது முதன்மை எஞ்சின் கெட்டது. சுடர் பக்கவாட்டில் வீசுவதை ரியூமின் நிலையத்திலிருந்தே பார்த்தார். பக்கத்திலேயே இருந்த மாற்று எஞ்சினும் அந்தச் சூட்டில் சேதப்பட்டதா என்பது யாருக்கும் தெரியாது. மறுநாள் அதை நம்பியே இறங்கினார்கள். 188 நொடி எரிய வேண்டிய எஞ்சின் தானாக நிற்காமல் ஓட, 213ஆவது நொடியில் ருக்காவிஷ்னிக்கோவ் கையால் அணைத்தார். செங்குத்தான, உடலை நசுக்கும் இறக்கம், ஆனால் உயிரோடு.

மேலே இருந்த இருவருக்கும் இப்போது ஒரு கிழட்டுக் கலம்தான் மிச்சம். அதிலும் சோயுஸ்-33இல் கெட்டுப்போன அதே வகை எஞ்சின். ஜூனில் வரவிருந்த ஹங்கேரிய வீரரின் பயணம் ஓராண்டு தள்ளிப்போனது. 1979 ஜூன் 6 அன்று, எஞ்சின் திருத்தப்பட்ட சோயுஸ்-34 ஆளில்லாமல் ஏவப்பட்டது. அடுத்த வாரம் பழைய சோயுஸ்-32 ஆளில்லாமல் பூமிக்கு இறக்கப்பட்டது. லியாகோவும் ரியூமினும் ஆகஸ்ட்டில், 175 நாள் கழித்து, அந்தக் காலிக் கலத்தில் ஏறி வந்தார்கள். சிக்கலுக்கு விடையாகக் காலிக் கலத்தை அனுப்பும் வழக்கம் இங்கேதான் பிறந்தது.

1983இல் லியாகோவ் மீண்டும் மேலே, சல்யூட்-7இல், அலெக்சாண்டர் அலெக்சாண்ட்ரோவுடன். செப்டம்பரில் நிலையத்தின் உந்துபொருள் அமைப்பில் கசிவு. அதே மாதம் 26ஆம் தேதி, அடுத்து வரவிருந்த விளாதிமிர் தித்தோவும் கென்னதி ஸ்த்ரெகாலோவும் அமர்ந்திருந்த ராக்கெட் ஏவுதளத்திலேயே எரிந்து வெடித்தது. தப்பிக்கும் கோபுரம் இருவரையும் இழுத்துக் காப்பாற்றியது. மாற்றுக் குழு வராததால், அவர்கள் செய்யவிருந்த சூரியத் தகடு பொருத்தும் வேலையை லியாகோவ் இணையே வெளியே நடந்து முடித்துவிட்டு, நவம்பரில் திரும்பியது. ஆக, அவர் பறந்தது மூன்று முறை. மூன்றிலும் திரும்பும் வழியில் ஏதோ ஒரு முட்டுக்கட்டை. முதல் இரண்டில் நிலையம் காத்தது. மூன்றாவதில் நிலையத்தை விட்டு விலகியபின் மாட்டிக்கொண்டார். 1988இன் அந்த ஒரு நாள், 1979இன் சில மாதங்களைவிட ஏன் கொடியதாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

சில தாமதங்கள் அற்பக் காரணத்தால் வந்தவை. 2010 செப்டம்பரில் சோயுஸ் டிஎம்ஏ-18, சர்வதேச விண்வெளி நிலையத்தை விட்டுப் பிரிய மறுத்தது. கதவு சரியாக மூடவில்லை என்ற பொய்ச் சமிக்ஞைதான் காரணம். ஒரு நாள் தாமதத்தோடு போயிற்று.

காலிக் கலம் அடுத்து வந்தது 44 ஆண்டு கழித்து. 2022 டிசம்பர் நடுவில், நிலையத்தில் கட்டியிருந்த சோயுஸ் எம்எஸ்-22இலிருந்து பனித்தூள் போல ஏதோ பீய்ச்சியடிப்பது கேமராவில் தெரிந்தது. குளிர்விக்கும் திரவம் அது. வெப்பம் வெளியேற்றும் தகட்டில், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேல் போகாத ஓட்டை. நுண்விண்கல் தாக்கியது என்று ரஷ்ய வல்லுநர்கள் முடிவுக்கு வந்தார்கள். குளிர்விப்பு இல்லாமல் மூன்று பேர் உட்கார்ந்தால், இறங்கும் சில மணி நேரத்தில் அறை வெந்துவிடும் என்பதுதான் பயம். செர்கெய் புரோகோபியெவ், திமித்ரி பெத்தெலின், அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோ மூவருக்காகவும் 2023 பிப்ரவரியில் எம்எஸ்-23 ஆளில்லாமல் ஏறியது. இடைக்காலத்தில் அவசரம் வந்தால்? ரூபியோவின் உடலுக்கென வார்க்கப்பட்ட இருக்கை அச்சைக் கழற்றி, பக்கத்தில் நின்ற அமெரிக்க டிராகன் கலத்துக்கு மாற்றி வைத்தார்கள். ஆறு மாதப் பயணம் 371 நாளாயிற்று. ரூபியோ விரும்பாமலேயே அமெரிக்கச் சாதனையாளர் ஆனார்.

போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் கதையைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். ‘சிக்கித் தவிக்கும் சுனிதா’ என்ற பாணித் தலைப்புகள் இங்கே மாதக்கணக்கில் ஓடின. 2024 ஜூன் 5 அன்று புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் எட்டு நாள் பயணமாகக் கிளம்பினார்கள். மறுநாள் நிலையத்தை நெருங்கும்போது 28 சிறு உந்துகருவிகளில் ஐந்து செயலிழந்தன. நான்கு பிறகு மீண்டன. ஹீலியமும் கசிந்தது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் சோதனைக்கூடத்தில் அதேபோன்ற கருவியைப் பலமுறை எரித்துப் பார்த்தார்கள். கருவிகள் நெருக்கி அடைக்கப்பட்ட கூட்டுக்குள் வெப்பம் தங்கி, வால்வில் உள்ள சிறு டெஃப்லான் அடைப்பு உப்பி, ஆக்சிஜனேற்றியின் ஓட்டத்தைக் குறுக்கக்கூடும் என்று தெரிந்தது. ஆனால் மேலே இருக்கும் கருவிகள் இறங்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி தர இயலவில்லை.

கருவிகளை இறக்கிக்கொண்டு வந்து பிரித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கேதான் முடிச்சு. பழுதான உந்துகருவிகளும் கசிந்த குழாய்களும் இருந்தது சேவைப் பகுதியில். காற்றுமண்டலத்தில் நுழையும் முன் அது கழற்றிவிடப்பட்டு எரிந்துபோகும். கலம் நிலையத்தில் இருக்கும்வரை மட்டுமே சாட்சியம் உண்டு. சோயுஸ்-33இன் கெட்ட எஞ்சினும், எம்எஸ்-22இன் ஓட்டை விழுந்த தகடும் இப்படித்தான் சாம்பலாயின. விமானம் விழுந்தால் துண்டுகளையாவது பொறுக்கலாம். இந்தத் துறையில் தடயம் தன்னைத் தானே கொளுத்திக்கொள்கிறது. பொறியாளர்கள் வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள் என்ற குறை சொல்லப்பட்டபோது, இந்தக் காரணத்தைப் பலர் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24 அன்று நாசா முடிவை அறிவித்தது: ஸ்டார்லைனர் காலியாக இறங்கும். செப்டம்பர் தொடக்கத்தில் அது ஒயிட் சாண்ட்ஸ் பாலைவனத்தில் அழகாகவே இறங்கியது. ‘அப்படியானால் அவர்களும் வந்திருக்கலாமே’ என்ற பேச்சு உடனே கிளம்பியது. அது தவறான வாதம். ஒருமுறை நன்றாக இறங்கியது, இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததற்குச் சமம் ஆகாது. ஸ்டார்லைனர் போனதற்கும் செப்டம்பர் இறுதியில் க்ரூ-9 என்ற அடுத்த குழுவின் டிராகன் கலம் வந்ததற்கும் இடையே, அவசரம் ஏற்பட்டால் இருவரும் ஏற்கெனவே நிலையத்தில் நின்ற மற்றொரு டிராகனில் சரக்கு வைக்கும் இடத்தில், நுரைமெத்தை மேல் படுத்து இறங்குவதாக ஏற்பாடு. ‘சிக்கித் தவிப்பு’ என்று சொல்லத்தக்க நாட்கள் உண்டென்றால் இந்த மூன்று வாரங்கள்தான். க்ரூ-9இல் நிக் ஹேக், அலெக்சாண்டர் கோர்புனோவ் இருவர் மட்டும் வந்தார்கள். மற்ற இரண்டு இருக்கைகள், வில்மோரும் சுனிதாவும் திரும்புவதற்காகக் காலி. அதாவது 1979இன் காலிக் கலம் இப்போது காலி இருக்கையாகச் சுருங்கியிருந்தது. 2025 மார்ச் 18 அன்று ஃபுளோரிடா கடலில் இறங்கியபோது, எட்டு நாள் 286 நாளாகியிருந்தது.

அதே ஆண்டு முறை சீனாவுக்கு வந்தது. ஏப்ரலில் தியான்கோங் நிலையத்துக்குச் சென்ற சென் டோங் குழு, நவம்பர் 5 அன்று ஷென்சோ-20இல் திரும்ப இருந்தது. விண்வெளிக் குப்பை ஏதோ மோதியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் பயணம் நின்றது. இறங்கு கலத்தின் சன்னலில் நுண்ணிய விரிசல்கள். நவம்பர் 14 அன்று மூவரும், தங்களுக்கு அடுத்து வந்தவர்களின் ஷென்சோ-21இல் ஏறி வந்துவிட்டார்கள். இதனால் மேலே இருந்த புதுக் குழுவிடம் நம்பத்தக்க கலம் இல்லை. ஆனால் சீனா சில ஆண்டுகளாகவே, ஒரு கலம் ஏறும்போது இன்னொரு கலத்தையும் ராக்கெட்டையும் ஏவுதளத்தில் தயாராக வைத்திருக்கும் வழக்கம் உடையது. நவம்பர் 25 அன்று ஷென்சோ-22 ஆளில்லாமல் ஏறியது. 1979இல் ஏறக்குறைய இரண்டு மாதம் எடுத்த வேலை, இப்போது மூன்று வாரத்துக்குள்.

ஷென்சோ-22 கொண்டுபோன பொருட்களில், அந்த விரிசல் சன்னலைச் சரிசெய்யும் கருவியும் ஒன்று. சேதம் இம்முறை எரிந்துபோகும் பகுதியில் இல்லை; இறங்கு கலத்திலேயே இருந்தது. 2026 ஜனவரியில் ஷென்சோ-20 ஆளில்லாமல் கோபிப் பாலைவனத்தில் இறங்கியபோது, விரிசல் விழுந்த அந்தக் கண்ணாடியும் அதனுடன் வந்து சேர்ந்தது.