இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு வள்ளம்: நீர்ப்பூட்டுகளும் நமது ஆற்றுவாய்களும்

மாரி மழை கொட்டத் தொடங்கினால் அம்பாறைக் கரையோரத்தில் பள்ளிவாசல் முற்றத்திலும் தேநீர்க் கடையிலும் அடிபடும் கேள்வி ஒன்றுதான். ஆற்றுவாயை வெட்டிவிட்டார்களா, இல்லையா? பெரும்போக வேளாண்மை நீரில் மூழ்கிக் கிடக்கும் விவசாயிக்கு அது இன்றைக்கே வெட்டப்பட வேண்டும். களப்பை நம்பியிருக்கும் மீனவருக்கு அவசரம் வேறு. நீர் ஒரேயடியாகக் கடலுக்கு ஓடினால் மீனும் இறாலும் அதனோடு போய்விடும். ஆற்றுவாய் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தாலோ கடலிலிருந்து குஞ்சுகள் உள்ளே வர வழியில்லை. இருதரப்பும் பேசி, அதிகாரிகள் கூடி, கடைசியில் பெக்கோ இயந்திரம் வந்து மணல் திட்டை அறுக்கும். சாய்ந்தமருது தோணாவிலும் இதே கதை. கல்லாற்று முகத்துவாரத்திலும் இதே கதை.

நீர்மட்டம் வேறு, நீரின் தன்மையும் வேறு. இப்படி இரண்டு நீர்ப்பரப்புகளைக் கலக்கவிடாமல் வைத்துக்கொண்டு, அவற்றுக்கிடையே வள்ளம் மட்டும் போய்வர வழி செய்ய முடியுமா? உலகின் பல இடங்களில் ஆயிரம் வருடங்களாக இதற்கு ஒரு விடை இருந்து வருகிறது. ஆங்கிலத்தில் அதை லொக் என்பார்கள். கொழும்பில் லொக் கேட் என்ற சொல் தமிழிலும் புழங்குகிறது. இங்கே நீர்ப்பூட்டு என்று எழுதுகிறோம்.

நீர்ப்பூட்டின் அமைப்பு விளங்காத மர்மம் ஒன்றுமில்லை. கால்வாயின் நடுவே கல்லாலோ கொங்கிறீட்டாலோ கட்டிய ஒரு நீண்ட தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனையிலும் கதவு. மேற்பக்கக் கதவுக்கு அப்பால் நீர் உயரமாக நிற்கிறது, கீழ்ப்பக்கக் கதவுக்கு அப்பால் தாழ்வாக நிற்கிறது. கீழேயிருந்து வரும் வள்ளம் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னாலுள்ள கதவைச் சாத்துவார்கள். பிறகு மேற்பக்கத்திலுள்ள சிறிய துருசைத் திறப்பார்கள். உயரத்திலிருக்கும் நீர் தானாகவே தொட்டிக்குள் இறங்கும், வள்ளம் மெல்ல மேலெழும். உள்ளும் வெளியும் மட்டம் சமமானதும் மேற்கதவு திறக்கும், வள்ளம் போய்விடும். இறங்கி வருவதென்றால் இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பம்பு தேவையில்லை. எல்லாம் புவியீர்ப்பின் வேலை.

மட்டம் சமமாகும்வரை கதவைத் திறக்கவே முடியாது. 5 மீற்றர் அகலமான கதவு ஒன்றின் ஒரு பக்கம் 2 மீற்றர் ஆழத்துக்கு நீர் நிற்கிறது, மறுபக்கம் வெறுமை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கதவின்மீது விழும் அழுத்தம் ஏறக்குறைய 10 தொன். எத்தனை பேர் நின்று தள்ளினாலும் அது அசையாது. இந்த அழுத்தத்தையே வேலைக்காரனாக்கிய வடிவம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் உருவானது. இரண்டு இறக்கைக் கதவுகள் உயர்ந்த நீரை நோக்கி ஆப்புப் போல் முனைகூடி நிற்கும். நீர் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுக மூடிக்கொள்ளும். மிலான் நகரக் கால்வாய்களில் பணியாற்றிய லியனார்டோ டா வின்சியின் பெயர் இதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நமது நாட்டின் பழைய குளங்களில் உள்ள பிசோகொட்டுவ என்ற கல்தொட்டியும் ஆழ்ந்த நீரின் அழுத்தத்தை அடக்கித்தான் மடையைத் திறந்து மூடியது. ஆனால் அது வயலுக்கு நீர் விடும் ஏற்பாடு. வள்ளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இரட்டைக் கதவுக்கு முன் ஒற்றைக் கதவு இருந்தது. ஆற்றின் குறுக்கே அணை, அதில் ஒரு திறப்பு. திறந்தவுடன் பாயும் வெள்ளத்தோடு வள்ளம் கீழே பாய்ந்துவிடும். மேலே வர வேண்டியது கயிறு கட்டி இழுக்கப்படும். உயிருக்கும் சரக்குக்கும் உத்தரவாதமில்லை. சீனாவின் பெருங்கால்வாயில் சரிவான மேடைமீது படகை இழுத்தேற்றுவார்கள். படகு உடைந்தால் ஏற்றிவந்த வரித் தானியம் களவுபோகும். கி.பி. 984இல் சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி இரண்டு கதவுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி அமைத்து இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டினார். அரசாங்கத் தானியத்தைத் திருடரிடமிருந்து காக்கப் போய் உலகம் முழுக்கப் பரவிய ஒரு கருவி பிறந்தது.

இலங்கையில் இதைப் பார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டும். பேரை வாவி கடல் மட்டத்தைவிடச் சில அடி உயரத்தில் நிற்கிறது. அதன் கரையில் தேயிலை உள்ளிட்ட ஏற்றுமதிப் பொருட்களின் களஞ்சியங்கள் வரிசையாக இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹென்றி மெக்கலம் ஆளுநராக இருந்த 1907க்கும் 1913க்கும் இடைப்பட்ட காலத்தில், வாவியையும் துறைமுகத்தையும் நீர்ப்பூட்டால் இணைக்கும் பணிகள் நடந்தன. தட்டையான அடியுள்ள சரக்குத் தோணிகள் களஞ்சிய வாசலில் பெட்டிகளை ஏற்றி, பூட்டுக்குள் நின்று இறங்கி, நேரே கப்பலின் பக்கத்துக்கே போய்ச் சேர்ந்தன. மெக்கலம் லொக் கேட் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. மறுபக்கம் வாவியைக் களனி கங்கையின் பக்கமாக இணைக்கும் சென் செபஸ்தியன் கால்வாயிலும் பூட்டுகள் உண்டு. லொறி வந்த பிறகு தோணிகள் போய்விட்டன. கதவுகள் மிஞ்சி, இப்போது வெள்ளக் கட்டுப்பாட்டுக்கு உதவுகின்றன.

கொழும்புக்குச் சற்று வடக்கே நடந்ததுதான் நமக்கு அதிகம் உறைக்க வேண்டிய கதை. களனிக்கும் நீர்கொழும்பு களப்புக்கும் இடையில் கிடக்கும் முத்துராஜவெல சதுப்பு நிலம், கோட்டை இராச்சிய காலத்தில் நெல் விளைந்த பூமி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் போக்குவரத்துக்காகக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கறுவாவும் பாக்கும் போன அதே வழியால் கடல் நீரும் வந்தது. வயல்கள் உவரடித்துப் போயின. பிரித்தானியர் வந்ததும் 1802இல் புதிய கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தனர். அதற்குப் பொறுப்பாயிருந்த கவின் ஹமில்டனின் பெயரால் அது ஹமில்டன் கால்வாய் ஆனது. உவர் நீரை வடித்து நிலத்தை மீட்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நெல் திரும்பி வரவில்லை. வள்ளத்துக்கு வழி விட்டவர்கள் உப்பை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தமிழகத்தில் பக்கிங்ஹாம் கால்வாய். 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வேலை துண்டு துண்டாக நீண்டு, 1877–78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையிலான பகுதியும் வெட்டப்பட்டது. ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டியே ஏறக்குறைய 420 கிலோமீற்றர். ஆறுகளைக் கடக்கும் இடங்களில் பூட்டுகள் வைத்து நீர்மட்டத்தைக் காத்தார்கள். விறகும் உப்பும் நெல்லும் அதில் போயின. 1965, 1966 சூறாவளிகள் அதைச் சிதைத்தன. பிறகு நகரத்தின் கழிவுநீர் மிச்சத்தையும் முடித்துவிட்டது.

நமது சண்டைக்கு மிக நெருங்கிய உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதியில் குட்டநாடு என்ற நெல்வயல் பிரதேசம். அங்கே பல வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கோடையில் ஆற்று நீர் குறைந்ததும் கடல் நீர் காயலுக்குள் ஏறி வந்து பயிரைக் கெடுத்தது. அதைத் தடுக்கத் தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் காயலின் குறுக்கே ஒரு கிலோமீற்றருக்கும் அதிக நீளமான தடுப்பணை கட்டப்பட்டு, 1970களின் நடுப்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்தது. வரிசையாகக் கதவுகள், படகுகள் கடக்கப் பூட்டு. டிசம்பர் மாதத்தளவில் கதவுகளை மூடி, அறுவடையை ஒட்டித் திறப்பது திட்டம்.

நெல் பிழைத்தது. ஆனால் காயலுக்கும் கடலுக்குமிடையே போய்வந்து வளரும் இறாலும் மீனும் கதவில் முட்டி நின்றன. உப்பு நீர் வந்தபோது தானாகச் செத்துப்போன ஆற்றுவாழையும் சல்வீனியாவும் இப்போது தடையின்றிப் படர்ந்தன. ஓடாத நீரில் வயலின் இரசாயனமும் ஊர்க் கழிவும் தேங்கின. கிட்டங்கியில் ஆற்றுவாழை அடைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கதவை எந்தத் திகதியில் திறப்பது என்று அங்கே விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் பல வருடங்களாக இழுபறி. மணல் திட்டைக் கதவாக்கியதால் தகராறு தீர்ந்துவிடவில்லை. பெக்கோ எப்போது வரும் என்ற கேள்வி, சாவி யார் கையில் என்ற கேள்வியாக மாறியது.

பூட்டு உப்பை முழுதாகத் தடுப்பதுமில்லை. கடல் நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை வீதம் பாரமானது. கடற்பக்கக் கதவு திறந்ததும் மேல்மட்டம் சமமாகத்தான் தெரியும். அடியிலோ உப்பு நீர் நாக்கு நீட்டியது போல் உள்ளே ஊர்ந்து வரும், மேலால் நன்னீர் வெளியே போகும். ஒவ்வொரு வள்ளத்துடனும் ஒரு பங்கு உப்பு உள்ளே வருகிறது. நெதர்லாந்தில் 2022இல் திறக்கப்பட்ட எய்முய்டன் பூட்டு 500 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் கொண்டது. உலகின் மிகப் பெரியது. அவ்வளவு பெரிய கதவு திறந்தால் அவ்வளவு உப்பு. அதனால் அடியில் தங்கும் உவர் நீரை மட்டும் பிரித்துக் கடலுக்குத் திருப்பி அனுப்பத் தனியான கட்டுமானம் ஒன்றும் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

நன்னீரும் செலவாகும். 20 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலமுள்ள சிறு பூட்டில் ஒரு மீற்றர் மட்ட வித்தியாசத்தைக் கடக்க ஒரு தடவைக்கு ஒரு இலட்சம் லீற்றர் கீழே போகிறது. 1914இல் திறந்த பனாமாக் கால்வாயில் கப்பல்கள் 26 மீற்றர் உயரம் ஏறி இறங்குகின்றன. ஒரு கப்பலுக்கு ஏறக்குறைய 20 கோடி லீற்றர். எல்லாம் மழை நீர். 2023இல் மழை பொய்த்தபோது ஒரு நாளில் கடக்கக்கூடிய கப்பல்களின் எண்ணிக்கையை அவர்கள் வெட்ட வேண்டியதாயிற்று. சுயஸ் கால்வாயில் இந்தத் தொல்லை இல்லை. இரு பக்கமும் கடல், மட்டமும் ஏறக்குறைய ஒன்று, பூட்டே கிடையாது. எகிப்தில் பூட்டுப் பார்க்க வேண்டுமென்றால் நைல் நதியில் எஸ்னாவுக்குப் போகலாம். உல்லாசப் பயணக் கப்பல்கள் அங்கே முறைக்காகக் காத்து நிற்க, சின்ன வள்ளங்களில் வரும் வியாபாரிகள் துணிகளைச் சுருட்டி மேல்தட்டுக்கு எறிந்து விலை பேசுவார்கள்.

இனி நமது கரைக்கு வருவோம். நீர்வழி நமக்குப் புதியதில்லை. மட்டக்களப்பு வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. சம்மான் எனும் வள்ளங்கள் வந்து தரித்த துறையே சம்மாந்துறை என்பது ஊர் வழக்கு. அம்பிளாந்துறை என்ற பெயரிலும் துறை இருக்கிறது. நெல்லேற்றிய வள்ளங்கள் வாவிக்குள்ளேயே ஓடியதால் ஒரே மட்டம்தான், பூட்டுக்கு வேலை இருக்கவில்லை. பின்னர் வீதிகள் வந்தன. மண்முனையில் பாதையில் ஏறிக் கடந்தவர்களுக்கு 2014இல் பாலம் கிடைத்தது.

ஆகவே இன்று நீர்ப்பூட்டு பற்றிப் பேசினால், சரக்குக்காகப் பேச ஒன்றுமில்லை. பேச்சு வெள்ளத்தையும் உப்பையும் மீனவரின் வள்ளத்தையும் பற்றியதாகவே இருக்கும். வெள்ளம் இங்கே வெறும் பயிர்ச்சேதக் கணக்கல்ல. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டதை இந்தப் பிரதேசம் மறக்காது. ஆற்றுவாயில் கதவு வைத்தால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

என் பார்வையில் முதல் தடை மணல். தண்ணீர்முக்கம் காயலின் உள்ளே, அலைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. கொழும்பின் பூட்டு துறைமுகத்தின் அலைதாங்கிக்குப் பின்னால் இருக்கிறது. நமது ஆற்றுவாய்களோ திறந்த கடலை நேரே பார்க்கின்றன. கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும் கடல் இது. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை அதே மணல் மூடியதையும், வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிக்கப்பட்டதையும் கண்ணால் கண்டோம். முகத்துவாரத்தில் கொங்கிறீட் வைத்தால் இன்னொரு ஊரின் கரை போகலாம். கதவின் முன்னால் மணல் குவிந்தால் அதை அள்ளவும் அதே பெக்கோதான் வர வேண்டும்.

களப்பின் உட்பக்கம், வட்டைகளுக்கு நீர் வடியும் ஓடைகளில் சிறிய கதவுகள் வைப்பது வேறு விடயம். அங்கே உவர் ஏறுவதைத் தடுக்கலாம். வள்ளம் போகும் ஓடையானால் இரட்டைக் கதவும் சாத்தியம், செலவும் தாங்கக்கூடியது. ஆனால் அதற்கும் முன்னால் களப்பின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் வருடம் முழுக்க அளந்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். எந்த மட்டத்தில் வயல் மூழ்கும், எந்த உப்பில் இறால் குஞ்சு பிழைக்கும் என்பது வட்டை விதானைக்கும் தெரியும், களப்பு மீனவருக்கும் தெரியும். இருவரும் ஒரே அளவுகோலைப் பார்த்துப் பேசும் ஏற்பாடு தேவை. கங்கையில் பரக்கா அணைப் பக்கம் புதிய பூட்டு கட்டப்பட்டபோது, இல்சா மீன் மேலேறும் நேரத்துக்கு ஏற்பக் கதவை இயக்கும் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. கப்பலுக்காகக் கட்டிய கதவை நள்ளிரவுக்குப் பின் மீனுக்காகத் திறந்து வைப்பது என்று அங்கே எழுத்தில் போட்டார்கள்.